கன்னம் பதியும் இடம்

பெட்டியைத் திறந்து ஏர் ரைஃபிளை வெளியே எடுத்தபோது அதன் பின்கட்டை ஒரு பக்கம் மட்டும் சூடாக இருந்தது. வெயில் பட்ட சூடு என்றால் இரண்டு பக்கமும் பட்டிருக்க வேண்டும். வலப்பக்கம் நல்ல பிள்ளையாக, மரம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படிக் குளிர்ந்திருந்தது. இடப்பக்கத்தில், சுடுகிறவன் கன்னத்தைப் பதிக்கிற மேட்டில் மட்டும், யாரோ வெகுநேரம் தலை வைத்துப் படுத்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போன தலையணையின் சூடு.

அவன் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பேய்கள்கூடச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற நேரம்.

"வந்துட்டாளா உன் பொண்டாட்டி?" அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா குரல் கொடுத்தாள். "மூணு வாரமா வீடு வெறிச்சோடிக் கிடந்துது."

"போக்கா."

"என்னென்ன மாத்தியிருக்காங்க?"

"ஸ்பிரிங், ட்ரிகர், பின்கட்டை. எல்லாம் புதுசு."

"அப்புறம் பழசுன்னு என்னடா மிச்சம்? நீ ஒருத்தன்தான்."

அக்கா சிரித்தாள். அவனும் சிரிப்பதுபோல் ஒரு சத்தம் எழுப்பினான். ஒரு வருஷமாக அவன் சிரிப்பு அப்படித்தான். சத்தம் சரியாக வரும், முகம்தான் கூட வராது.

அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எட்டு வருஷமாக அடுத்தவர் கண்ணுக்கு நேரே டார்ச் அடித்து, "மேல பாருங்க, கீழ பாருங்க" என்று சொல்லிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன். கண்ணைப் பற்றி அவனுக்குத் தெரியாதது குறைவு. அவனுடைய வலது கண்ணின் கருவிழியில், கீழ் ஓரமாக, கடுகளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி உண்டு. பிறக்கும்போதே கண்ணில் தூசியோடு வந்தவன் என்று அக்கா கேலி செய்வாள்.

ரைஃபிளை ட்யூன் செய்யக் கொடுத்ததற்கு அவன் எல்லோரிடமும் சொன்ன காரணம் கிளப் போட்டி. உண்மைக் காரணம் அந்தச் சத்தம். ஸ்பிரிங் வைத்த ரைஃபிள் சுடும்போது குண்டு போன பிறகும் உள்ளே கம்பிச்சுருள் 'டொய்ங்' என்று அதிர்ந்துகொண்டிருக்கும். மற்றவர்களுக்கு அது அரை நொடியில் அடங்கிவிடும். அவனுக்குப் போன வருஷம் கேட்ட ஒரு 'டொய்ங்' இன்னும் அடங்கவில்லை. குளிக்கும்போது கேட்டது. கடையில், வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் பிரேமை வளைத்து வைக்கும்போது கேட்டது. சத்தத்தை எடுத்துவிட்டால் மற்றதும் போய்விடும் என்று நினைத்தான். படித்தவர்கள் செய்கிற முட்டாள்தனத்தில் எப்போதும் கொஞ்சம் செலவு இருக்கும்.

ட்யூன் செய்கிறவரை கிளப்பில் எல்லோரும் ஸ்பிரிங் மாஸ்டர் என்பார்கள். கிரீஸ் வாசனை மண்டிய நீளமான அறை, சுவரெல்லாம் பிரித்துப் போட்ட துப்பாக்கிகள். மூன்று வாரம் முன்பு அவர் இவனை அறையின் நடுவில் நிறுத்தினார்.

"கண்ணை மூடு. மூடிக்கிட்டே தோள்ல வை. கன்னத்தைப் பதி. உனக்கு எது சுகமோ அப்படி. ம்... இப்பத் தொற."

திறந்தான். ஸ்கோப்பின் குறுக்குக் கம்பிகள் எங்கோ மேலே நின்றன.

"பாத்தியா? கட்டை உனக்காகச் செஞ்சதில்ல. சரியான கட்டைன்னா, கண்ணைத் தொறந்ததும் நீ சுட வேண்டிய இடம் நேரா நிக்கணும். நீ தேடவே கூடாது. அதுதான் என் கணக்கு." அவர் அவன் முகத்தருகே குனிந்து கண்ணிலிருந்து கன்னத்துக்கு ஸ்கேல் வைத்தார். "கண்ணுல என்னய்யா புள்ளி?"

"பொறந்ததுலேருந்தே இருக்கு."

"சரி. இதை வெச்சு இதுவரைக்கும் என்னத்தையெல்லாம் சுட்டிருக்க?"

"பேப்பரை மட்டும்தான்."

மாஸ்டர் ஸ்கேலைத் துடைத்து வைத்தார்.

பேப்பர் மட்டும் இல்லை. போன வருஷம் ஒரு பிற்பகல், மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு டப்பா மூடியை நிறுத்திச் சுட்டான். சுவருக்கு அப்பால் தெரு இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாத செய்தி அல்ல. குண்டு மூடியின் விளிம்பில் உரசித் திசைமாறிப் போனது. எதிர்வீட்டு ஜன்னலில் தச்சர் சட்டம் அடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுத்தியல் இறங்கியதும் அந்த அம்மாள் முகத்தைப் பொத்தியதும் ஒரே நொடி. ஆணி வளைந்திருந்தது. ஆணிதான் தெறித்தது என்று தெருவே முடிவு செய்தது. எல்லோருக்கும் முன்னால் தச்சரே முடிவு செய்தார்.

இவன் ஓடினான். ரைஃபிளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத்தான் ஓடினான். ஆட்டோ பிடித்தது இவன், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது இவன். தச்சர் இவன் தோளில் சாய்ந்து, "என் கையாலயே, தம்பி... என் கையாலயே" என்று அழுதார். சொல்வதற்கு அது நல்ல சமயம். இவன் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

அன்றிலிருந்து தச்சர் சுத்தியலைத் தொடவில்லை. வலது கண் போன அவர் மனைவிக்கு மூக்குக்கண்ணாடி செய்து கொடுத்ததும் இவன்தான். மூடிய கண்ணின் முன்னால் வைக்க, பவர் இல்லாத வெறும் கண்ணாடியைத் தன் கையாலேயே தேய்த்தான்.

"இந்தப் பக்கத்துக்கு எதுக்கு தம்பி கண்ணாடி?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"பேலன்ஸுக்கு, அண்ணி."

சொல்லிவிட்டுப் பிரேமைத் துடைக்க ஆரம்பித்தான். அவர் முகத்தை நேராகப் பார்த்து அவன் கடைசியாகப் பேசியது அந்தப் பிற்பகலுக்கு முன்னால்.

இன்று காலை ரைஃபிளை வாங்கப் போனபோது மாஸ்டர் பின்கட்டையைத் தடவிக் காட்டினார். "மர வேலை நான் செய்யறதில்ல. உங்க தெருப்பக்கம் ஒரு தச்சர், ஒரு வருஷமா வேலையே செய்யாதவரு. வேற எதுக்கோ இங்க வந்தாரு. உன் துப்பாக்கியைக் கையில எடுத்துப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. நானே செஞ்சு தர்றேன்னுட்டாரு."

"யாரோடதுன்னு சொன்னீங்களா?"

"கேக்கவே இல்லையே. அளவு எடுக்க ஆளை வரச் சொல்லவான்னேன். வேணாம், தெரிஞ்ச முகம்தான்னாரு."

இப்போது அந்தக் கட்டை அவன் கையில். வீட்டின் நடையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றான். இப்போதெல்லாம் மாடிப்பக்கம் போவதில்லை. நடையின் மறுகோடியில் பழைய துணி திணித்த மரப்பெட்டி, அதன்மேல் ஒட்டிய காகிதம். அந்த அகலம்தான் அவனுக்கு இனி உலகம் என்று தீர்மானித்திருந்தான்.

கண்ணை மூடினான். தோளில் வைத்தான். கன்னத்தைப் பதித்தான்.

சூடு கன்னத்தில் ஏறியது. அதன் நடுவில் ஒரே ஒரு புள்ளி சில்லென்று இருந்தது, சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. தேங்காயெண்ணெயும் மரத்தூளும் கலந்த வாசனை மூக்கருகில் எழுந்தது. எங்கோ தெரிந்த வாசனை. அன்று ஆஸ்பத்திரியில் அவன் தோளில் சாய்ந்து அழுத தலையின் வாசனை.

திறந்தான்.

பெட்டி இல்லை. காகிதம் இல்லை. குறுக்குக் கம்பிகளுக்கு நடுவில் எதிர்வீட்டு ஜன்னல் நின்றது, பிசகாமல், அவன் தேட வேண்டிய அவசியமே இல்லாமல்.

ரைஃபிளைத் தாழ்த்தினான். ஜன்னலைப் பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்தான். எப்போது திரும்பினான்? கால் நகர்ந்த நினைவில்லை. சாப்பிட்ட மயக்கம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்; அவனுக்கு அவன் சொல்கிற எதையும் நம்புகிற நல்ல பழக்கம் இருந்தது. பெட்டியைப் பார்த்துத் திரும்பி நின்று, இந்த முறை கண்ணைத் திறந்துவைத்தே குண்டு போட்டு, காகிதத்தைக் குறிவைத்து, விசையை இழுத்தான்.

மாஸ்டர் கெட்டிக்காரர். 'டொய்ங்' இல்லை. தொண்டையைச் செருமியதுபோல் ஒரு காற்று, அவ்வளவுதான்.

அதன் பின்னாலேயே, தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு சுத்தியல் அடி.

டக்.

மறுபடி குண்டு போட்டான். சுட்டான்.

டக்.

"டேய்!" அடுப்படியிலிருந்து அக்கா ஓடிவந்தாள், கையில் சோப்பு நுரையோடு. முகமெல்லாம் சந்தோஷம். "கேட்டியா? எதிர்வீட்ல சுத்தியல் சத்தம்! அண்ணன் மறுபடி வேலையை ஆரம்பிச்சிட்டார்டா. ஒரு வருஷம் ஆச்சு... பாவம் அந்த மனுஷன். இரு, போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

"போகாதக்கா."

"ஏன்?"

ஏன் என்பதற்கு அவனிடம் ஒரு வாக்கியம் இருந்தது. ஒரு வருஷமாகத் தினமும் ஒத்திகை பார்த்த சிறிய வாக்கியம். வாயைத் திறந்தான்.

"வெயிலா இருக்கு" என்றான்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவன் கட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தான். கன்னம் பதிகிற மேட்டில், மரத்தோடு மரமாக இழைத்துப் பதித்திருந்தார்கள்: சாம்பல் நிறத்தில், ஒரு பக்கம் உரசித் தேய்ந்து நசுங்கிய ஓர் ஈயக் குண்டு. அதைச் சுற்றி மரத்துக்கு எவ்வளவு பொறுமையாக மெருகேற்றியிருந்தார்கள். எத்தனை நாள் ஆகியிருக்கும். அண்ணியின் கண்ணில் பட்டுத் தெறித்து ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் விழுந்த இதைத் தச்சர் எப்போது எடுத்தார்? இவன் முதுகில் தட்டிக்கொடுத்த நாளிலேயேவா? அவன் காது மடலெல்லாம் எரிந்தது. பயம் வருவதற்கு முன்னால் வெட்கம் வந்தது, வரிசையில் எப்போதும் முதலில் நிற்கிறவன்போல.

சரி. போதும். போய்ச் சொல்லிவிடலாம். காலில் விழுந்து சொல்லிவிடலாம். நான்தான் அண்ணே. உங்க கை இல்ல. அந்த ஒரு வரி. ரைஃபிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதவை நோக்கி நடந்தான்.

போன் அடித்தது. அக்கா.

"டேய், வீடு பூட்டிக் கிடக்குடா. பெரிய பூட்டு. நேத்தே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டாங்களாம், பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க. அண்ணிக்குக் கண்ணு வைக்கப் போறாங்களாம்."

"என்ன கண்ணு?"

"இத்தனை நாளா மிச்சமிருக்கிற கண்ணோட ஒத்துப்போற மாதிரி கிடைக்கலையாம். இப்பப் பொருத்தமா ஒண்ணு கிடைச்சிடுச்சுன்னு அண்ணன் சொன்னாராம்." அக்கா மூச்சுவாங்கினாள். "அப்ப உள்ள அடிக்கிறது யாருடா?"

டக்.

இப்போது அவன் எதையும் சுடவில்லை.

டக். டக்.

ஆணி இறங்குகிற சத்தம். நிதானமான, வேலை தெரிந்த கையின் சத்தம். அவன் கதவை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தான். ஆனால் கையில் ரைஃபிள் இருந்தது. தோளில் இருந்தது. கன்னத்தில் சூடு. சூட்டின் நடுவில் சில்லென்று ஒரு புள்ளி. கண்கள் மூடியிருந்தன.

போன் தரையில் கிடந்தபடி அக்காவின் குரலில், "டேய்? டேய்?" என்றது.

திறக்கக்கூடாது. இப்படியே நிற்கலாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். மூடி வைப்பதில் அவனுக்குப் பழக்கம் உண்டு.

சுத்தியல் நின்றது.

காத்திருக்கிற அமைதி.

திறந்தான்.

ஸ்கோப்பின் வட்டம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் இடது கண்ணில். கட்டை இடது கண்ணுக்கென்று செய்திருந்தது; இப்போதுதான் அந்த மெல்லிய வளைவு கன்னத்துக்குப் புரிந்தது. சோதித்துப் பார்க்க இடது கண்ணை மூடினான்.

இருட்டு.

வலது இமை திறந்துதான் இருந்தது. கையை விசையிலிருந்து எடுத்து, மெதுவாக, விரலால் தொட்டான். இமை இருந்தது. முடி இருந்தது. அதற்குப் பின்னால் தொடுவதற்கு ஒன்றும் இல்லை.

வலி இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இடது கண்ணைத் திறந்தான். பூட்டிய வீட்டின் ஜன்னல் திறந்திருந்தது. புதுச் சட்டம். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அன்று நின்ற இடத்திலேயே, அண்ணி நின்றார். அவன் செய்து கொடுத்த மூக்குக்கண்ணாடி. அவன் தேய்த்த வெறும் கண்ணாடி. அதற்குப் பின்னால் மூடியிருக்க வேண்டிய இமை அகலமாகத் திறந்திருந்தது.

கண்கள் அவன் தொழில். எந்தக் கண்ணையும் ஒருமுறை பார்த்தால் மறக்கமாட்டான். இதைத் தினமும் காலையில் பல் தேய்க்கும்போது பார்த்திருக்கிறான்.

கருவிழியின் கீழ் ஓரத்தில், கடுகளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி.

ஒரு வருஷமாக அந்த முகத்தைப் பார்க்கக் கூசித் தாழ்ந்த கண், இப்போது அந்த முகத்தில் உட்கார்ந்துகொண்டு, இமைக்காமல், அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.