வேலம்மாவின் அட்டை

“நேத்துதானே ஊசி போட்டுக்கிட்டுப் போனே?” என்றார் எஸ்டேட் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் சுகுமாரன், அட்டையிலிருந்து தலையைத் தூக்காமல்.

நாகமணி நேற்று கிளினிக் பக்கமே வரவில்லை. காய்ச்சலோடு மேல்மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்ல வந்தவள் விழுங்கிக்கொண்டாள். அந்த அட்டை அவளுடையதல்ல, செத்துப்போன அக்கா வேலம்மாவுடையது.

இரண்டு வருஷத்துக்கு முன் நாகமணிக்கு வேலை பெர்மிட் கிடைக்கவில்லை. அதே மாதம் அக்கா இருமி இருமிச் செத்தாள். அப்பா விடியுமுன் அவளைப் புதைத்தார். அவள் பேரையும் பெர்மிட்டையும் வைத்திய அட்டையையும் தங்கையிடம் கொடுத்தார். லைன் வீட்டாருக்குத் தெரியும். போன வருஷம் வந்த டிரஸ்ஸருக்குத் தெரியாது. நேற்று வந்தது நானில்லை என்றால், அப்ப நீ யாரு என்பார். மறுநாளே எஸ்டேட்டை விட்டு விரட்டுவார்கள்.

“நெஞ்சு வலிக்குதுங்கய்யா. ஊசி போடுங்க.”

“ரெண்டு ஊசி சேந்தா ஆளே போயிரும்லா. நாளைக்கு வா.”

பெஞ்சிலிருந்த பக்கத்து லைன் வீட்டு மணியம்மா வாய் வெற்றிலையை ஓரங்கட்டினாள். “போ வேலம்மா. செத்தும் மருந்து கேட்டா எப்படி?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மறுநாளும் ஊசி போட்டதாக அட்டையில் ஏறியிருந்தது. அதற்கடுத்த நாளும். எடையும் இருந்தது: தொண்ணூற்றிரண்டு ராத்தல், எழுபத்தெட்டு, அறுபது.

“அறுபது ராத்தலா? என்னைப் பாத்தா அப்படியா இருக்கு?”

“என் கையெழுத்துதான். கூட்டத்துல மூஞ்சியா பாக்க முடியும்? அட்டையத்தான் பாப்பேன்.”

“தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்காச்சும் அனுப்புங்கய்யா.”

“தெனம் ஊசி போட்டுக்கிற ஆளுக்கு ஆஸ்பத்திரி லோரி எதுக்கு?”

ஐந்தாம் நாள் எச்சிலில் ரத்தம் வந்தது. அந்த அட்டையை அழித்துவிட்டால் புதிதாக ஒன்று எழுதித்தான் ஆகவேண்டும் என்று நாகமணிக்குப் பட்டது. அட்டை அலமாரிக்குப் பூட்டே கிடையாது. “யாரு எடுப்பா, தேயிலையா வந்து எடுக்கும்?” என்று டிரஸ்ஸர் கேலி பேசுவார்.

மதியம் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், டிரஸ்ஸர் டீ குடிக்கப் போயிருந்த நேரம், கீழே ரிங்லெட் ஊர்ப் பக்கத்திலிருந்து ஏறிய பனி ஜன்னல் வழியே உள்ளே வந்து, டெட்டால் வாடையையும் நனைந்த கம்பளி வாடையையும் ஒன்றாகக் குழைத்துக்கொண்டு மேசைக்கால்களைச் சுற்றி நிற்க, அவள் அலமாரியைத் திறந்தாள். மற்ற அட்டைகள் காய்ந்திருந்தன. வேலம்மாவின் அட்டை மட்டும் ஈரமாக, தோண்டின மண் வாடையோடு விரலில் ஒட்டியது. கடைசி வரியில் இன்றைய தேதி. டிரஸ்ஸரின் கையெழுத்து.

மணி மூன்று பத்து. இறந்துவிட்டார்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று எட்டு.

வெளியே யாரோ இருமினார்கள். இருமலின் முடிவில் மெல்லிய விசில். அந்த விசிலைக் கேட்டுக்கொண்டேதான் அவள் ஒரு வருஷம் அக்கா பக்கத்தில் படுத்திருந்தாள்.

“அட்டையில கை வைக்கிறியா?” டிரஸ்ஸர் வாசலில் நின்றார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது. “நான் வேலம்மா இல்லீங்கய்யா. அவ செத்து ரெண்டு வருஷமாச்சு. நான் அவ தங்கச்சி, நாகமணி. விரட்டினாலும் பரவாயில்ல, எனக்கு மருந்து குடுங்க.”

அவர் நிதானமாக அட்டையை வாங்கிப் படித்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாகமணிக்கு இப்பதானே புது அட்டை எழுதினேன். வெளிய உக்காந்திருக்கு.”

வெளியே எட்டிப் பார்க்கப் போனவள் சரிந்தாள். அவர் தாங்கிக் கட்டிலில் கிடத்தினார். மணிக்கட்டில் விரல் வைத்தார். இடம் மாற்றி வைத்தார். தலையை ஆட்டினார்.

“ஐயா, பேசிக்கிட்டுதானே இருக்கேன்.”

அவர் திரும்பவில்லை. பஞ்சை உருட்டினார்.

அவள் மூக்கின் ஒரு துளை அடைந்தது.

திறந்த கதவு வழியே பெஞ்சு தெரிந்தது. மணியம்மா தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். “இப்படி உக்காரு நாகமணி. நல்லாத் தேறிட்டே.” பக்கத்தில் அமர்ந்தவளின் சேலையிலிருந்து செம்மண் கட்டிகட்டியாக உதிர்ந்தது. கையில் புது அட்டை. கட்டிலைப் பார்த்து, பல் தெரியாமல் சிரித்தாள். இருமல் நின்றிருந்தது.

டிரஸ்ஸர் அடுத்த பஞ்சை எடுத்தார்.