பதினேழு பழுப்புப் பூக்கள்

செங்கல்பட்டில் பல் டாக்டரிடம் வருகிறவர்கள் யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். ஆனால் டாக்டர் விஜயகுமாரியின் கிளினிக்குக்குள் நுழைந்ததும் வலி கொஞ்சம் மறந்துபோகும். காத்திருக்கும் அறையில் ஒரு கடல் தொட்டி இருந்தது.

சாதாரண மீன் தொட்டி இல்லை. உள்ளே இருப்பது உப்புத் தண்ணீர். வாரம் ஒருமுறை தண்ணீர்க்காரர் கருப்பன் மாமல்லபுரத்துக் கடலில் மொண்ட தண்ணீரைக் கேன் கேனாகத் தன் குட்டியானை வண்டியில் கொண்டு வருவார். தொட்டிக்குள் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள் இரண்டு. பாறைமேல் பச்சைக் காளானைப் போல் விரிந்த ஒரு பவளம்.

அந்தத் தொட்டிக்கு ஜாய்ஸ்தான் ராணி. ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் அம்மா ஜெசிந்தா அங்கே நர்ஸ். பள்ளி விட்டதும் ஜாய்ஸ் நேராக கிளினிக்குக்கு வந்து, மீன்களுக்குத் தீனி போட்டு, கண்ணாடியைத் துடைப்பாள். ராணிப் பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் வரவேற்பு மேசைக்குப் பிரபா அக்கா வேலைக்கு வந்தார். கூடவே அவர் மகள் அன்பரசியும் மாலையில் வரத் தொடங்கினாள். அவளும் ஐந்தாம் வகுப்புதான், வேறு பள்ளி.

வந்த மூன்றாம் நாளே அன்பரசி கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு கத்தினாள். “டாக்டர் ஆன்ட்டி! பாறை மேல பூ பூத்துக்கீது!”

பவளத்துக்குப் பக்கத்தில், விரல் நகம் அளவுக்கு, பழுப்பு நிறத்தில் மெல்லிய இதழ்களோடு ஒன்று அசைந்துகொண்டிருந்தது.

“அட, கடல் சாமந்தி! பூ மாதிரியே இருக்கிற பிராணி,” என்றார் டாக்டர். “எத்தனை நாளாச்சோ, என் கண்ணில படவே இல்ல. உன் கண்ணு பலே கண்ணு. இனிமே இது அன்புப் பூ!”

அவ்வளவுதான். ஊரே அன்புப் பூவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. வீங்கிய கன்னத்தோடு ஒருவர் செல்ஃபிகூட எடுத்தார். ஜாய்ஸுக்கு வயிறு எரிந்தது. இரண்டு வருடமாகக் கண்ணாடி துடைத்தவள் அவள். பூவைக் கண்டுபிடித்தது நேற்று வந்தவளா?

சனிக்கிழமை அன்பரசி வரவில்லை. பல் துலக்கிக் காட்டுவதற்காக மேசைமேல் வைத்திருந்த பிரஷ் ஜாய்ஸின் கண்ணில் பட்டது. யாரும் பார்க்காத நேரத்தில் முழங்கைவரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, பூவைப் பரபரவென்று தேய்த்துவிட்டாள். அது துண்டு துண்டாகிப் பாறை இடுக்குகளுக்குள் மறைந்தது. பிரஷ்ஷைக் கழுவினாள். கொஞ்சம் யோசித்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

திங்கட்கிழமை அன்பரசி கண் கலங்க நின்றாள். ஜாய்ஸுக்கு உள்ளே ஒரு பக்கம் குளிர்ந்தது, இன்னொரு பக்கம் சுருக்கென்றது.

இரண்டு வாரம் போயிற்று.

“ஐயோ, குட்டி போட்டுக்கீது!” என்று அன்பரசி குதித்தாள். “ஒண்ணு, ரெண்டு... ஒம்போது!”

ஒன்பது அன்புப் பூக்கள்! டாக்டர் அன்பரசிக்கு ஒரு புது டூத் பேஸ்ட் பரிசளித்தார். பல் டாக்டர் வேறு எதைக் கொடுப்பார்? ஜாய்ஸ் தேய்த்துவிட்ட துண்டுகள்தான் ஒவ்வொன்றாக முளைத்திருக்கின்றன. ஒன்றை ஒழிக்கப் போய் ஒன்பதாக ஆக்கி, எதிரிக்குப் பரிசும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள்!

இனி அதன் பக்கம் கையே நீட்டுவதில்லை என்று முடிவு செய்தாள். நீட்டவும் இல்லை. ஆனாலும் மாதம் முடிவதற்குள் பூக்கள் பதினேழு ஆகிவிட்டன. எப்படி என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

இப்போது யாரும் செல்ஃபி எடுக்கவில்லை. பச்சைப் பவளத்தின் ஒரு ஓரம் சுருங்கி வெளுத்திருந்தது. மீன்கள் ஒரு மூலையிலேயே பதுங்கிக் கிடந்தன.

செவ்வாய்க்கிழமை கேனை இறக்கிய கருப்பன் தொட்டியைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். “இன்னாம்மா இது, இம்மாம் களை வளர்த்து வச்சிகினு கீறீங்க? பக்கத்துல இருக்கிறத எல்லாம் கொட்டி சாவடிச்சிடும். நான் தண்ணி ஊத்துற ரிசார்ட்ல இப்டிதான் ஆச்சு. கடைசில தொட்டியவே காலி பண்ணாங்க. பெரிய பேஜாரு.”

டாக்டர் பெருமூச்சு விட்டார். “எனக்கும் இதுக்கு நேரமில்ல, கருப்பன். சனிக்கிழமை வந்து எடுத்துட்டுப் போயிடுங்க. மீனையாவது காப்பாத்துவோம்.”

ஜாய்ஸ் தொட்டியின் கண்ணாடிமேல் கை வைத்தாள். அவளுடைய தொட்டி! அவள் தேய்த்த தேய்ப்பினால் போகப்போகிறது. அன்று மீன்களுக்குத் தீனி போடும்போது அவளால் அவற்றைப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் மதுராந்தகத்திலிருந்து கோதண்டராமன் என்ற விவசாயி வந்திருந்தார். உள் அறையில் டாக்டர் அவரைத் திட்டுவது வெளியே நன்றாகக் கேட்டது.

“ஐயா, பல்லை யாராவது வீட்டிலேயே குறடு போட்டு இழுப்பாங்களா? மேலே உடைஞ்சுடுச்சு, வேர் உள்ளேயே இருக்கு. இதை இழுக்கவே கூடாது. உள்ளே மருந்து விட்டு வேரை அடக்கணும்.”

“எலுமிச்சம்பழம்கூட வச்சுப் பார்த்தேம்மா.”

“எலுமிச்சையா! அது பல்லையே கரைச்சிடுமே!”

ஜாய்ஸ் சட்டென்று நிமிர்ந்தாள். அந்தப் பூவும் அப்படித்தான், மேலே உடைத்தால் போதாது. உள்ளே விட வேண்டும். பல்லையே கரைக்கும் எலுமிச்சை!

ஆனால் ஒரு சிக்கல். அந்தப் பூக்கள் பக்கத்தில் எதை நீட்டினாலும் சுருங்கி ஓட்டைக்குள் போய்விடும். ஒருவர் தீனி காட்டி அதன் வாயைத் திறக்க வைக்க வேண்டும். இன்னொருவர் அந்த நேரம் பார்த்துச் சாற்றை விட வேண்டும். அந்தப் பூக்களை அணு அணுவாகத் தெரிந்த ஆள் அன்பரசி ஒருத்திதான். அவளிடம் உதவி கேட்க வேண்டுமானால், முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும்.

“அன்பு,” என்றாள் ஜாய்ஸ். “அந்த மொதோ பூவ நான்தான் பிரஷ்ஷால தேச்சேன்.”

“இன்னாது?”

“உனக்கு மட்டும் நல்ல பேரு வந்துகினு இருந்துச்சு. எனக்கு ஒரே எரிச்சலா இருந்துச்சு. அதான்.”

அன்பரசி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது ஜாய்ஸுக்கு. அன்பரசி தன் செருப்பைப் பார்த்தபடி சொன்னாள். “நீ தேச்சதுல வந்தது ஒம்போதுதான். மிச்சம் எட்டு நான் பண்ணது.”

“நீயா? எப்டி?”

“கிள்ளிக் கிள்ளி வேற எடத்துல வச்சேன். மணி பிளான்ட் நடுற மாதிரி.”

“ஏன்டி?”

“எல்லாரும் ஜாய்ஸ் தொட்டி, ஜாய்ஸ் தொட்டின்னே சொல்லிக்கினு இருந்தாங்க. நெறைய பூத்தா அன்பு தொட்டின்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன்.”

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். பிறகு யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. பிரபா அக்கா இரண்டு முறை “உஷ்!” சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டரிடம் சேர்ந்தே போய் எல்லாவற்றையும், எலுமிச்சை யோசனையையும் சொன்னார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆக, ரெண்டு பேரும் சேர்ந்தே என் தொட்டியை நாசம் பண்ணியிருக்கீங்க!” என்றார். பிறகு, வாய் கழுவ வைத்திருக்கும் முனை மழுங்கிய ஊசிக்குழல் ஒன்றை எடுத்து நீட்டினார். “சரி. நோயாளிங்க பதினேழு பேர். ஆரம்பிங்க. ஒரேயடியா எல்லாத்துக்கும் விடாதீங்க, தண்ணி கெட்டுடும்.”

அன்பரசி ஒரு நீளக் குச்சியின் நுனியில் இறால் துணுக்கைக் குத்தி மெதுவாக நீட்டினாள். பூ இதழ்களை விரித்து நடுவில் வாயைத் திறந்தது. “இப்போ!” ஜாய்ஸ் எலுமிச்சைச் சாற்றை ஒரு சொட்டு உள்ளே விட்டாள். பூ துவண்டு கூழாகிவிட்டது.

முதல் நாள் ஐந்து. அடுத்த நாள் ஐந்து. மூன்றாம் நாள் மற்றொரு ஐந்து. கருப்பன் கொண்டு வந்திருந்த கடல் தண்ணீரில் தினமும் ஒரு கேன் மாற்றினார்கள்.

சனிக்கிழமை அவர் காலி டிரம்மோடு வந்து நின்றார். “இன்னா, ரெண்டே ரெண்டுதான் கீது?”

“அந்த ரெண்டும் திங்கட்கிழமை வரட்டும்னு அப்பாயின்ட்மென்ட் கொடுத்திருக்கோம்,” என்றார் டாக்டர். “டிரம்மை வண்டியில ஏத்துங்க. நீங்க தண்ணி மட்டும் கொண்டு வந்தா போதும்.”

சுருங்கியிருந்த பவளம் மெல்ல விரியத் தொடங்கியது. மீன்கள் மூலையை விட்டு வெளியே வந்தன.

டாக்டர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார். “அன்புக்கு என்ன நிதானமான கை! நாளைக்கு நல்ல பல் டாக்டரா வருவா.”

ஜாய்ஸுக்குள் அந்தப் பழைய எரிச்சல் பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டியது. சாறு விட்டது யாராம்? அவள் அன்பரசியின் காதில் குனிந்தாள்.

“எனக்கு இப்பவும் கொஞ்சம் பொறாமையா கீது.”

“எவ்ளோ?”

“நகம் அளவு.”

“சரி,” என்று அன்பரசி இறால் குச்சியை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஊசிக்குழலை வாங்கிக்கொண்டாள். “திங்கக்கெழம நீ வாயத் தொறக்க வை. நான் சாறு விடறேன். அப்போ எனக்குப் பொறாமையா கீதான்னு பாக்கலாம்.”