சீப்பில் சிக்கிய முடி

போன வருடம் எடுத்த தமிழ்ப் பள்ளிக்கூட வகுப்புப் படத்தில், பின்வரிசையில் நின்ற மிதுலனின் ஒரு காது மட்டும்தான் விழுந்திருந்தது. மீதி முகத்தை, முன்னால் நின்ற மேனுஷாவின் விரித்துவிட்ட சுருட்டைமுடி மறைத்துவிட்டது. வகுப்பே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

இன்று பிற்பகல் மறுபடியும் படம். முடியை நேராக்காவிட்டால் வரவே மாட்டேன் என்று மேனுஷா ஒற்றைக்காலில் நின்றாள். அம்மா கொஞ்சம் காசைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்.

தங்கை கீர்த்திகாவுக்குப் பத்து வயது. அக்கா கலங்கினால் அவளும் கலங்கிவிடுவாள். அதனால் அவளும் டூட்டிங் கடைத்தெருவில் முடி அலங்காரச் சாமான் விற்கும் கடைக்குக் கூடப் போனாள்.

அந்தக் காசுக்கு அங்கே முடியைச் சூட்டால் நேராக்கும் ஸ்ட்ரெயிட்னர்கள் இரண்டுதான் இருந்தன. பளபளவென்று இருந்த ரோஸ் நிறத்தை மேனுஷா உடனே எடுத்தாள். மற்றது கறுப்பு. பெட்டி நசுங்கியிருந்ததால் விலை குறைத்திருந்தார்கள்.

ரோஸ் நிறத்தில் சூட்டைக் குறைப்பது எப்படி என்று கீர்த்திகா கேட்டாள். அதற்கு ஒரே சூடுதான் என்றார் கடைக்கார சுசிலா அன்ரி. கறுப்பில் சூட்டைக் கூட்டிக் குறைக்கச் சிறு சக்கரம் இருந்தது. அடர்ந்த முடிக்கு அதன் அகலத் தகடுதான் தோது என்றும் சொன்னார். மேனுஷா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கறுப்பை வாங்கினாள்.

திரும்பும் பஸ் ஊர்ந்து ஊர்ந்து தாமதமாக வந்து சேர்ந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் மேனுஷா பின்னலை அவிழ்த்துச் சீவினாள். சக்கரத்தை முழுதாகத் திருப்பினாள். கருவி சூடேறியதும் முன்முடியை இழுத்துப் பிடித்தாள்.

"அக்கா, கொஞ்சம் பொறு."

"நேரமில்லை. கையை எடு."

கீர்த்திகா கையை எடுக்கவில்லை. அக்கா கத்துவாளோ என்று பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சீப்பில் சிக்கியிருந்த முடியை உருவி நீட்டினாள். "இதுவும் உன்ரை முடிதானே. முதல் இதில வைச்சுப் பாப்பம்."

மேனுஷா வேண்டாவெறுப்பாக அதைத் தகட்டில் வைத்து அழுத்தினாள். சர்ரென்று புகை எழுந்தது. கருகிய நாற்றம் மூக்கைத் துளைத்தது. திறந்து பார்த்தால் முடி பொசுங்கிப் போயிருந்தது. மேனுஷா சட்டென்று கருவியைக் கீழே வைத்தாள்.

கீர்த்திகா தன் விரலைப் பார்த்தாள். பிசுபிசுவென்று மினுங்கியது.

"எண்ணெய், அக்கா. காலமை அம்மா வைச்சது."

அவர்கள் வீட்டில் எண்ணெய் வைக்காத தலையை யாரும் கண்டதில்லை. அதனால்தான் இருவருக்கும் அது நினைவுக்கே வரவில்லை.

"இனி முழுகிக் காய வைக்க நேரம் காணாது," என்று மேனுஷா கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

"காணும். நான் காயவைச்சுத் தாறன்."

இரண்டு முறை ஷாம்பு போட்டார்கள். அந்த அடர்ந்த முடி லேசில் காயவில்லை. ட்ரையரைப் பிடித்துப் பிடித்துக் கீர்த்திகாவின் கை விட்டுப் போனது. பிறகு சூட்டைக் குறைத்து, கழுவிய தலையில் கழன்ற முடி ஒன்றை முதலில் வைத்துப் பார்த்தாள். புகை வரவில்லை. முடி நேராக வந்தது.

மேலேயும் முன்னேயும் முடிந்தபோது புறப்படும் நேரம் வந்துவிட்டது. பின்பக்கம் ஒரு பிடி முடி சுருளாகவே நின்றது.

"பின்னாலை அப்பிடியே கிடக்குதே?"

"ஓம். கமராவுக்கு உன்ரை முதுகு தெரியாது, வா," என்று கீர்த்திகா அவளை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அடுத்த கிழமை படம் வந்தது. மேனுஷா தன்னைப் பார்க்கவில்லை. முதலில் பின்வரிசையைத்தான் பார்த்தாள். மிதுலனின் முகம் முழுதாக விழுந்திருந்தது. ஆனால் இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தான்.

"இதுக்கு என்ரை முடி பொறுப்பில்லை," என்று சிரித்தபடி மேனுஷா படத்தைத் தங்கையிடம் நீட்டினாள்.