படம் முடிந்தால் கதவு திறப்போம்

சாட்சி சொல்ல வாருங்கள், வாசகப் பெருமக்களே! உடுப்பிட்டியில் மாபிள் கல் பதித்த மாளிகையொன்று நிற்கிறது. அதன் அழகைக் காண உங்களை அழைக்கவில்லை. அதன் பூட்டைப் பாருங்கள்! கள்வனுக்கு அஞ்சுபவன் உட்புறம் பூட்டுவான். இந்தப் பூட்டோ வெளிப்புறத்தில் தொங்குகிறது. உள்ளே எண்பத்திரண்டு வயது மனிதர் ஒருவர் உயிரோடு இருக்கிறார்.

அவர் பெயர் கதிரவேலு. அவரைப் பராமரிக்கும் வேலைக்குப் புத்தூரிலிருந்து ஒரு காலையில் வந்து சேர்ந்தாள் சிவகௌரி. சாவி வைத்திருந்த அயலவர் தம்பிஐயா, சமையல் நடக்கும் குசினிப் பக்கத்துக் கம்பிக்கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டார். மறுகணமே சாத்திப் பூட்டினார்.

"என்னண்ணை, என்னையும் சேத்தே பூட்டுறியள்?"

"லண்டனிலை இருக்கிற மகன்ரை ஓடர், அவர்தான் பூட்டச் சொன்னவர், பிள்ளை. ஆறு மணிக்கு வாறன்."

யன்னல்கள் அடைத்துக் கிடந்த கூடத்தில் தொலைக்காட்சி மட்டுமே வெளிச்சம். எதிரே உட்கார இரண்டு மெத்தைக் கதிரைகள். ஒன்றில் கதிரவேலு அமர்ந்திருந்தார்; மற்றது வெறுமையாயிருந்தது. சுவர் மூலையில் கமெராவின் சிவப்புப் பொட்டு. பவுடர் மணமும், அதனடியில் புளித்த சோற்றின் வாடையும்.

"என்ன படம், ஐயா?"

"எங்கடை படம். கலியாணத்துக்கு முதல் தியேட்டரிலை பதினாலு தரம். பிறகு என்ரை மனிசி சின்னாச்சியோடை எத்தினை தரமெண்டு கேளாதை. பார், உவன் இப்ப வைக்கல் வண்டிலாலை விழுவான்!"

கதாநாயகன் விழுந்தான். கிழவர் சிரித்தார்.

வெறுங்கதிரையும் சிரித்தது.

சிவகௌரி சுவரோடு ஒதுங்கினாள். படத்தின் கடைசியில் 'வணக்கம்' என்ற எழுத்துத் தோன்றவேண்டிய இடத்தில் படம் முதற்காட்சிக்குத் தாவியது. கதிரவேலு குரலைத் தாழ்த்தினார்.

"மனிசிக்கு முப்பத்தோராம் நாள் படைச்சனாங்கள். செத்த ஆள் வந்து சாப்பிடக் கதவைச் சாத்திப்போட்டு, பிறகு திறக்கிறதெல்லே? மகன் ஃபோனிலை நிண்டு, 'அம்மா தன்ரை படத்தையும் பாக்கட்டும், படம் முடிஞ்சால் முன்கதவைத் திறவுங்கோ' எண்டான். அங்கையிருந்தே படத்தைத் திரும்பத் திரும்ப ஓட விட்டான். வந்தவை சாப்பிட்டிட்டுக் குசினிப் பக்கத்தாலை போயிட்டினம். மூண்டு மாசம், பிள்ளை. படமும் முடியேல்லை, கதவும் திறக்கேல்லை. அவள் எப்பிடிப் போறது?"

சிவகௌரி ரிமோட்டை அழுத்தினாள். படம் நிற்கவில்லை. கமெராவிலிருந்து மகன் கேதீஸ்வரனின் குரல் எழுந்தது.

"நிப்பாட்டாதேங்கோ அக்கா. எத்தினை தரம் பாத்தாலும் அப்பாவுக்கு அலுக்காது."

"தம்பி, ஐயாவை வெளி முற்றத்திலையாவது இருத்தட்டோ?"

"கள்ளர் பயம், அக்கா." கமெரா கதிரைப் பக்கம் திரும்பியது. "அதுசரி, அப்பாவுக்குப் பக்கத்திலை முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிற மனிசி ஆர்? ஆளைக் கூட்டிவரச் சொல்லேல்லையே?"

அவள் திரும்பினாள். கதிரை வெறுமை. ஒருவர் எழுந்ததும் மெத்தை மேலெழுவதுபோல், அதன் நடுப்பள்ளம் மெல்ல நிரம்பியது.

காலடிகள் முன்கதவை நோக்கிப் போயின.

டொக்.

உட்புறத்திலிருந்து.

டொக். டொக்.

கதிரவேலு நெஞ்சைப் பிடித்தார். மூச்சு இழுத்தது. "என்னை வெளியிலை கொண்டு போ, பிள்ளை. இதுக்குள்ளை செத்தால் எனக்கும் உந்தப் படந்தான்."

அவள் யன்னலை அடித்துத் திறந்து கம்பிக்கூடாகக் கத்தினாள். "தம்பிஐயா அண்ணை! அலவாங்குக் கம்பியோடை ஓடிவாங்கோ! குசினிக் கதவு காணாது, அம்மாவும் போகவேணும்; முன்கதவுப் பூட்டை உடையுங்கோ!"

வேலிக்கப்பால் தலை தெரிந்தது. "அந்தச் சாவியைத் தம்பி லண்டனுக்கு எடுப்பிச்சிட்டார், பிள்ளை. உடைச்சால் தம்பி பேசுவார்!"

"பேசட்டும்! ஐயா செத்தால் பிரேதத்தையும் கமெராவிலை காட்டிப்போட்டு இருப்பியளோ?"

அவர் ஓடிவந்தார். மூன்றாம் அடியில் பூட்டுத் தெறித்தது. கதவு திறந்தது. வெயில் கூடத்துக்குள் பாய்ந்த அதே கணத்தில், பவுடர் மணமொன்று தம்பிஐயாவின் தோளை உரசிக்கொண்டு வெளியேறியது. உள்ளே, மூன்று மாதத்தில் முதன்முறையாக, திரையில் 'வணக்கம்' எழுந்து நின்றது.

சிவகௌரி கிழவரைத் தோளில் சாய்த்து வேப்பமர நிழலில் இருத்தினாள். அவர் வானத்தைப் பார்த்து மூச்சுவிட்டார். இன்று புத்தூரில், அவள் வீட்டு முற்றத்தில், பூட்டில்லா வாசற்படலைக்குள் இருக்கிறார்.

ஆனால் தம்பிஐயாவின் கொத்தில் இன்னும் ஆறு வீட்டுச் சாவிகள். பூட்டை உடைத்த மறுநாட் காலை அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே பூட்டப்பட்டிருப்பவள் பாயை விட்டு எழமுடியாத ஒரு தாய். அவள் உள்ளறையில் முனகுவது கேட்டது.

முன்கதவில் உட்புறமிருந்து தட்டியது யார்?

டொக். டொக்.

சாவித் துவாரத்தால் சின்னாச்சியின் அதே பவுடர் மணம் வந்தது.

கடல் கடந்து கமெராவில் பெற்றோரைக் காண்பவர்களே! இங்கே சாவி வைத்திருக்கும் அயலவர்களே! பிடித்த படத்தைப் போட்டுவிட்டால் கடமை முடிந்ததென்று எண்ணினீர்களா? எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத படமும், எழுந்து போக வழியில்லாதவனுக்குச் சிறைதான். எழும்புங்கள்! இன்றே போய் அந்தப் பூட்டைக் கழற்றுங்கள். உள்ளிருப்பவர் உயிரோடிருக்கும்போதே திறவுங்கள்!