நிறுத்தினால் கொல்வேன்!

போன் அலறியது!

ரயில் ஓட்டுநர் அறை. மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகம். ஓட்டும்போது போன் எடுத்தால் வேலை போய்விடும். ஆனால் திரையில் கணவரின் முகம்... விடாமல் அடித்தது.

எடுத்தாள்.

"உன் புருஷன் எங்ககிட்ட இருக்கான்." அரத்தில் இரும்பைத் தேய்த்தது போல ஒரு குரல்.

"யார்டா நீ?"

"பன்னெண்டு மணிக்கு அடுத்த ஸ்டேஷன்ல வண்டிய நிறுத்திட்டு இறங்கப் போறியாமே... இறங்காத. கடைசி ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டு. நிறுத்தினா அவன் கழுத்து இருக்காது!"

அவள் ரயில் ஊழியர் சங்கச் செயலாளர். பன்னிரண்டு மணிக்கு வேலைநிறுத்தம். அவள் ரயில் முதலில் நிற்க வேண்டும். அதைப் பார்த்து மற்றவை நிற்க வேண்டும். அதுதான் முடிவு. அவளே ஓட்டிக்கொண்டு போனால்? வேலைநிறுத்தம் நனைந்த பட்டாசு!

தூங்கக்கூட விடாமல் ஓட்டச் சொல்கிறது நிர்வாகம். போன மாதம் ஒருவன் இதே வேகத்தில் கண்ணயர்ந்தான். ஒரு ரயில் முழுக்க இருந்தவர்கள் தப்பியது மயிரிழையில்!

"அவர்கிட்ட பேசணும்!"

"பேசு."

"ஏம்மா... நான்தான். அவங்க சொல்றதைக் கேட்டுடு. கழுத்துல ஏதோ குத்துது..."

"ஏங்க! அடிச்சாங்களா?"

"இன்னும் இல்ல..."

மறுபடி அந்த அரம் தேய்க்கும் குரல். "யார்கிட்டயாவது மூச்சு விட்டே... விதவைப் பென்ஷனுக்கு இப்பவே எழுதிப் போட்டுடு!"

முன்னால் தண்டவாளம். முதுகுக்குப் பின்னால், ஓடும்போது திறக்கவே முடியாத கதவு. காலடியில் ஒரு மிதி. கால் எடுத்தால் ரயில் நின்றுவிடும். பொறியில் சிக்கிய எலிக்காவது சுற்றிவர இடம் உண்டு!

ரயில் சுரங்கப்பாதைக்குள் பாய்ந்தது.

குப்பென்று காது அடைத்தது. இந்த வேகத்தில் உள்ளே நுழைந்தால் எப்போதும் அப்படித்தான்.

"ஏங்க... ஓட்டிடறேன். பயப்படாதீங்க."

"என்னது? சத்தமா சொல்லு! காது அடைச்சுக்கிச்சு..."

சட்டென்று நிமிர்ந்தாள்.

எங்கோ கட்டிப்போட்டிருக்கும் ஆளுக்கு, இந்தச் சுரங்கப்பாதையில் எப்படிக் காது அடைக்கும்?

இதே ரயிலில் இருக்கிறார்!

போனில் தன் சத்தம் மட்டும் கேட்காதபடி மியூட் செய்தாள். வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"தம்பி!"

"சொல்லுக்கா." டிக்கெட் பரிசோதகர். "வேலைநிறுத்தத்துக்கு ரெடி. பையக்கூட கட்டிட்டேன்!"

"பைய விடு. உன் மாமாவை யாரோ கடத்தி, நம்ம வண்டியிலயே வச்சிருக்காங்க. பூட்டின கதவு ஒண்ணையும் விடாதே. கத்தி வச்சிருப்பாங்க போல, தனியாப் போகாதே!"

"ஐயோ... இதோக்கா!"

ஸ்டேஷனுக்கு வெகு தூரம் முன்பே பிரேக் போட்டாக வேண்டும். போட வேண்டிய இடத்தின் பலகை, அதோ... தெரிந்துவிட்டது.

"வேகம் குறையக் கூடாது!" என்றது போனில் அந்த அரம் தேய்க்கும் குரல்.

நிறுத்தினால் கணவர். நிறுத்தாவிட்டால்... தூக்கக் கலக்கத்தில் இன்னும் எத்தனை ரயில்கள்!

பலகை நெருங்கியது.

பிரேக் மேல் கை வைத்தாள்.

"அக்கா!"

"உயிரோட இருக்காரா?"

"இருக்கார். கடைசிப் பெட்டி டாய்லெட்ல. என் சாவியப் போட்டுத் திறந்தேன்..."

"அவனுங்க எத்தனை பேர்?"

"அது வந்துக்கா..."

"சொல்லித் தொலைடா!"

"ஒரே ஆளுதான்க்கா. கையில கத்தி இல்ல... குரல் மாத்தற ஆப் இருக்கு. கடத்தினதும் மாமாதான்... கடத்தப்பட்டதும் மாமாதான்!"

பிரேக்கை இழுத்தாள்!

பன்னிரண்டு மணி. ரயில் நடைமேடையில் நின்றது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனாக ரயில்கள் நிற்கும் செய்தி வந்துகொண்டே இருந்தது.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டரின் பிடியில் கணவர். சட்டை வியர்வையில் தொப்பல்.

"உங்க ரயில்வே பெரிய அதிகாரி கொடுத்த ஐடியாம்மா. வேலைநிறுத்தம் நடக்காமப் பண்ணினா ரயில் கேன்டீன் கான்ட்ராக்ட் தரேன்னார்... புத்தி கெட்டுப் போச்சு!"

"கழுத்துல ஏதோ குத்துதுன்னு உங்க வாயாலயே சொன்னீங்களே... நான் செத்துப் பொழச்சேன்!"

"நான் உன் புருஷன்ம்மா. காட்டிக் கொடுத்துடாதே!"

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். "என்னம்மா பண்ணலாம்?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கடத்தினவனை உள்ளே தள்ளுங்க சார்... கடத்தப்பட்டவர் கிடைச்சா மட்டும் வீட்டுக்கு அனுப்பி வைங்க!"