பீச்சாங்கை மேஜை

வைஸ் மறுபடியும் வலது பக்கம் இருந்தது.

நேற்றுத்தான் தம்பி அதைக் கழற்றி மேஜையின் இடது பக்கம் மாட்டியிருந்தான். பழைய திருகு ஓட்டைகளில் மரக்குச்சி அடித்து, பசை தடவி, உப்புத்தாளால் தேய்த்து, ஓட்டை இருந்த சுவடே தெரியாமல் செய்திருந்தான். அந்தக் குச்சிகள் இப்போது தரையில் கிடந்தன. பலகையை இறுக்கிப் பிடிக்கும் அந்த இரும்பு வாய், அண்ணன் காலத்தில் இருந்த அதே மூலையில் திறந்து நின்றது.

அண்ணனுக்கு இடதுகைப் பழக்கம், அதனால்தான் வைஸ் வலது பக்கம். பீச்சாங்கை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆனால் வேலை என்று வந்தால் அவனைத்தான் தேடுவார்கள். தம்பிக்கு வயிறு எரியும். ஒரு நாள் ரம்ப மெஷினில் கட்டை சிக்கிக்கொண்டது. கையை விடும் முன் அண்ணன் கேட்டான்.

"நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேன்."

கை உள்ளே போனதும் தம்பி சுவிட்சைப் போட்டான். விரல் தவறிப் பட்டுவிட்டது என்று அழுதான். அண்ணனைத் தவிர எல்லோரும் நம்பினார்கள். இடது கை போயிற்று. பட்டறை தம்பியிடம் வந்தது.

போன மாதம் அண்ணன் செத்தான். மழையில் நனைந்து கறுத்துப்போன அவன் தச்சு மேஜையை அண்ணியே வண்டியில் கொண்டுவந்து இறக்கினாள்.

"இதை நீங்கதான் சரி பண்ணணுமாம். உங்க கையாலேயே. கடைசியா அதைத்தான் சொன்னார்."

அவள் அழவில்லை. அவன் முகத்தையே பார்த்துவிட்டுப் போனாள்.

நல்ல தேக்கு, விட மனம் வரவில்லை. அண்ணன் அடையாளமே இல்லாமல் இழைத்துத் தள்ளிவிடலாம் என்று நினைத்தான். வெளியே இருட்டிக்கொண்டு வர, தகரக் கூரையில் மழை கொட்ட, இழைப்புளியை ஓட்டிக்கொண்டே இருந்தான். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது, ஆனால் அதில் தேக்கு வாசனை இல்லை, அண்ணன் கையின் கட்டைப் பிரிக்கும்போது வந்த ஆஸ்பத்திரி மருந்து நாற்றம்தான் வந்தது. அவனுக்குப் பயமாக இருந்தது. வைஸை இப்போதே கழற்றி எறிந்துவிட வேண்டும் என்று அதன் வாய்க்குள் அடைந்திருந்த தூளை வலது கையால் வழித்தான்.

கைப்பிடி சுற்றியது.

மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. இழுத்தான். இன்னும் இறுகியது. யார் சுற்றுவது என்று திரும்பிப் பார்த்தான்.

அவனுடைய இடது கைதான்.

ஓர் ஆணியைக்கூட நேராகப் பிடிக்கத் தெரியாத கை. அது இப்போது நிதானமாகப் பென்சிலை எடுத்தது. மணிக்கட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டது. ஸ்கேல் இல்லாமல். அண்ணன் போடுகிற மாதிரியே.

கத்தினான். மழைச் சத்தம்தான் கேட்டது.

அவன் தலை தானாகக் குனிந்தது. உதடு குவிந்து கோட்டின் மேலிருந்த தூளை ஊதியது. அறுக்கும் முன் அண்ணன் எப்போதும் அப்படித்தான் ஊதுவான்.

"அண்ணா, வேண்டாம். நிறுத்துண்ணா."

அவன் வாயே பதில் சொன்னது.

"நிறுத்திட்டேன்."

இடது கை ரம்பத்தை எடுத்தது. கோட்டின் மேல் பல்லை வைத்தது. தடம் விழுவதற்காக, முதலில் மெதுவாகப் பின்னால் இழுத்தது.