முந்திரிப் படத்தில் வெள்ளைப் புள்ளிகள்

2003-ஆம் வருடம், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் சாம்பசிவன் வலியசாலைக்கு வந்து, தன் அண்ணன் மனைவி அனந்தலக்ஷ்மி மாமியின் வீட்டுக் கதவைத் தட்டினார். அப்போது தாணுமாலையன் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தாணுமாலையனுக்குச் சாலைக் கடைத்தெருவில் கேபிள் கடை. மாமி அரசாங்கப் பரிசோதனைக் கூடமொன்றில் மின்னணுக் கருவிகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். பழுதும் திருட்டும் கலந்த சங்கதி ஏதாவது மாமியைத் தேடி வந்துவிட்டால், தாணுமாலையன் கடையை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பிவிடுவார். சந்தேகப்பட ஆள் கிடைத்தால் அவருக்குச் சாப்பாடுகூட வேண்டாம்.

சாம்பசிவனுக்குக் கழக்கூட்டத்தில் சின்னதாக ஒரு கம்பெனி. முந்திரிப் பருப்பைத் தரம் பிரிக்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கியிருந்தார். பருப்பு பெல்ட்டில் ஓடும். மேலே இருக்கும் கேமரா அதைப் படம் பிடிக்கும். படம் நீளமான கேபிள் வழியாகச் சர்க்யூட் போர்டுக்குப் போகும். சொத்தைப் பருப்பைக் காற்று ஊதித் தள்ளிவிடும். பெல்ட் நிற்கும்போது படம் சுத்தமாக இருக்கிறது, ஓடத் தொடங்கினால் வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கின்றன, நல்ல பருப்பையும் சேர்த்து ஊதிவிடுகிறது என்றார். இயந்திரத்தை வாங்கப்போகும் கொல்லத்து முதலாளி அன்று மதியமே வருகிறாராம். போதாக்குறைக்குக் கோயம்புத்தூரில் வேறொரு கம்பெனி இதே மாதிரி இயந்திரத்தோடு தயாராகிறதாம்.

"போர்டுல ஈயம் பத்தவச்சு சால்டர் பண்ணினது கம்பெனிப் பொண்ணு பிரேமாவாக்கும், மன்னி. வேணும்னே லூசா விட்டிருக்கா. நீ கோயம்புத்தூர்க்காரனுக்கு விலை போயிட்டேன்னு போன வாரம் எல்லார் முன்னாலயும் சொல்லி, இனிமே வராதேன்னு அனுப்பிட்டேன்."

ஆதாரம் என்ன என்று மாமி கேட்டார். அவள் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக் குடும்பம், கஷ்டப்படுகிறவர்கள், காசுக்கு மயங்கியிருப்பாள் என்றார் சாம்பசிவன். ஏழையாக இருப்பதே அவருக்குச் சாட்சியாகப் போதுமானதாக இருந்தது. மாமி முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், அவளையும் வரச்சொல் என்று மட்டும் சொல்லிப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

கம்பெனியில் பிரேமா நாற்காலி இருந்தும் உட்காரவில்லை, கதவோரம் நின்றாள். பக்கத்துக் கம்பெனிகளில் வேலை கேட்டுப் போயிருக்கிறாள். அவளுக்கு முன்னாலேயே அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. விலை போனவள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் அந்த வட்டாரத்தில் ஒருத்தரும் சால்டர் கம்பியைத் தொட விடமாட்டார்கள். தாணுமாலையனுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் ஒரு கண்ணை அவள் மேல் வைத்துக்கொண்டார். இன்னொரு கண், சர்க்யூட்டை வடிவமைத்த யோசுவா மேல். மார்த்தாண்டத்துக்காரனான யோசுவா, பெங்களூர் போவதற்கு ராஜினாமா கொடுத்திருந்தான். சாம்பசிவனின் மகன் கிரிஷ், புதிதாக இன்ஜினீயரிங் முடித்தவன், எல்லோருக்கும் டீ சொல்லி அனுப்பினான்.

மாமி போர்டை லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிரேமா வைத்த சால்டர் ஒவ்வொன்றும் சின்னதாக, ஒரே அளவில், பளபளவென்று இருந்தது. பிறகு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, கேபிளில் படத்தைச் சுமக்கும் ஜோடிக் கம்பிகளின் மேல் மல்டிமீட்டரை வைத்தார். தாணுமாலையன் எட்டிப் பார்த்தார். ஐம்பது ஓம் என்று காட்டியது. அது நல்லதா கெட்டதா என்று கேட்டார்.

மாமி அதற்குப் பதிலாக, பிரேமா, யோசுவா, கிரிஷ் மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார். கொல்லத்துக்காரர் பார்ப்பதற்கு இன்னொரு திரை வைக்க வேண்டும், இதே கேபிளிலிருந்து இன்னொரு ரிசீவருக்குப் படம் எடுக்க என்ன செய்வது?

வரைபடத்தில் இருப்பதைத்தான் தான் சால்டர் செய்வதாகவும், வரைவதெல்லாம் தனக்குத் தெரியாது என்றும் பிரேமா சொன்னாள்.

யோசுவா தலையைச் சொறிந்தான். "வழியில சும்மா தொட்டு எடுத்தா மதி, அது போதும் மேடம், தொடுற கம்பி மட்டும் நீளக்கூடாது. நூறு ஓம் ரிசிஸ்டர் கடைசியில ஒண்ணே ஒண்ணுதான்."

கிரிஷ் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எல்விடிஎஸ்ங்கற இந்த ஜோடிக்கம்பி முறையில ரிசீவர் ஒவ்வொண்ணுக்கும் நூறு ஓம் போடணும், பெரியம்மா. காலேஜ்ல முதல் பாடமே அதாக்கும்."

மாமி தலையாட்டிக்கொண்டார். பெல்ட்டுக்கு அடியிலிருந்த தகரத்தைக் கழற்றச் சொன்னார். தாணுமாலையன் ஸ்குரூ டிரைவரோடு தரையில் படுத்து, கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனார். மோட்டாருக்குப் பின்னால் இரண்டு மெல்லிய கம்பிகள் கேபிளிலிருந்து பிரிந்து ஒரு சின்னப் பெட்டிக்குள் போயின. பெட்டிக்குள் ஒரு ரிசீவர் சிப்பும் படத்தைச் சேமிக்கும் கார்டும் இருந்தன. சிப்பின் இரண்டு கால்களுக்கு நடுவே கையால் பற்றவைத்த ஒரு ரிசிஸ்டர். சால்டர் கட்டிகட்டியாகக் கிடந்தது.

"பாத்தேளா மாமி, நான் அப்பமே நெனச்சேன், யோசுவாதான்" என்றார் தாணுமாலையன்.

மாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேமராவிலிருந்து வரும் சேதி இரண்டு கம்பிகளில் சேர்ந்து வருகிறது என்று தொடங்கினார். கடைத் தராசை வைத்திருக்கும் மேஜை ஆடினால் இரண்டு தட்டும் சேர்ந்தே ஆடும், ஆனால் எது கனம் என்பது மாறாது. அதுபோல மோட்டாரின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் விழுந்தாலும் ரிசீவர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கும். கேமராப் பக்கத்திலுள்ள டிரைவர் சிப் அனுப்பும் கொஞ்சம் மின்னோட்டம், முனையிலுள்ள நூறு ஓம் ரிசிஸ்டர் வழியாக ஓடித்தான் அந்த வித்தியாசத்தை உண்டாக்குகிறது. மீட்டர் நூறு காட்ட வேண்டியது ஐம்பது காட்டினால், யாரோ அதற்கு இணையாக இன்னொரு நூறையும் போட்டிருக்கிறார்கள், மின்னோட்டம் இரண்டு வழியாகப் பிரிந்து ஓடுகிறது. வித்தியாசம் பாதியாகிவிட்டது. பெல்ட் நிற்கும்போது அந்தப் பாதியே போதும். மோட்டார் ஓடினால் போதாது. புள்ளிகள் வந்தது அதனால்தான், பிரேமாவின் சால்டரால் அல்ல.

"ஒண்ணும் தெரியாதவா திருடியிருந்தா ரிசிஸ்டரே போட்டிருக்க மாட்டா. நன்னாத் தெரிஞ்ச யோசுவாவும் போட்டிருக்க மாட்டான். ரெண்டு பேருமே அகப்பட்டிருக்க மாட்டா. பாதிப் பாடம் படிச்சவனாக்கும் இதைப் போட்டது. சால்டரும் பிரேமா கையில்லை, பாத்தாலே தெரியறது. என்ன கிரிஷ், நான் சொல்றது சரிதானே?"

கிரிஷ் அப்பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான். இயந்திரம் ஓடும்போது வரும் படங்களைக் கொடுத்தால் கோயம்புத்தூரில் தலைமைப் பொறுப்பு தருவதாகச் சொன்னார்களாம். இங்கே டீ வாங்கிவரச் சொல்கிறார்களே தவிர, ஒரு போர்டையாவது தொட விட்டார்களா என்றான்.

சாம்பசிவன் குரலைத் தாழ்த்தி, இது வீட்டு விஷயம், இதோடு விட்டுவிடலாம் என்றார். பிரேமாவிடம் நாளையிலிருந்து வேலைக்கு வரச்சொன்னார், சம்பளமும் கூட்டித் தருவதாகச் சொன்னார். தாணுமாலையனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மாமி அவர் கையைத் தொட்டு அடக்கினார்.

"சம்பளம் கூட்ட வேண்டாம் சாரே" என்றாள் பிரேமா. "அன்னைக்கு எல்லாரும் நிக்கும்போதுதான் என்னைப் பழி சொன்னீங்க. இன்னைக்கும் எல்லாரும் நிக்காங்க."

வாசலில் கார் வந்து நின்றது. கொல்லத்து முதலாளி குடையை உதறியபடி உள்ளே வந்து, இயந்திரம் எங்கே என்று மலையாளத்தில் விசாரித்தார். கிரிஷ் அப்பாவின் கையைப் பிடித்து, இப்போது வேண்டாம் என்று கெஞ்சினான். சாம்பசிவன் மகனைப் பார்த்தார், கதவோரம் நின்றவளைப் பார்த்தார். கையை விடுவித்துக்கொண்டார்.

"பிரேமா ஒரு தப்பும் பண்ணலை. நான்தான் அவளை அநியாயமாப் பழிச்சேன். திருடினது என் பிள்ளை."

கொல்லத்துக்காரர் ஒன்றும் விளங்காமல் விழித்தார். சாம்பசிவன் அவர் பக்கம் திரும்பி, அதையே மலையாளத்தில் இன்னொரு முறை, ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். பிரேமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சின்னப் பெட்டியின் கம்பிகளை வெட்டிவிட்டு, பெல்ட்டை ஓடவிட்டாள். படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை.